காற்றோடு போகும் உரத்துக்குக் கணக்கு

காற்றில் ஒரு சேர்மம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தச் சேர்மம் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் மணிக்கு எவ்வளவு காற்றுக்கு ஏறுகிறது, காற்றிலிருந்து எவ்வளவு அவற்றுக்குத் திரும்ப இறங்குகிறது என்பது வேறொரு கேள்வி. முன்னதைச் செறிவு என்றும் பின்னதைப் பாய்வு என்றும் சொல்லலாம். தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பதற்கும், குழாயில் வருவதையும் அடியில் ஒழுகுவதையும் தனித்தனியே அளந்து பார்ப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு இவ்விரண்டுக்கும் இடையே உண்டு. நெகிரி செம்பிலானில் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் ஆகிய ஊர்களில் உள்ள காற்றுத்தர நிலையங்கள் மணிக்கு மணி அறிவிப்பது செறிவை மட்டுமே. மரங்களும் வளிமண்டலமும் தங்களுக்குள் நைட்ரஜன் சேர்மங்களைக் கொடுத்து வாங்கும் கணக்கு அந்த அறிவிப்பில் இருக்காது. அதை அறிய வேறு கருவிகளும், அவற்றைவிட மிகுதியாக வேறு வகைப் பொறுமையும் வேண்டும்.

அந்தக் கணக்கை எங்கே எடுப்பது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடை பெரும்பாலும் ‘காட்டின் நடுவில்’ என்பதாகவே இருந்திருக்கிறது. தோட்டமும் ஊரும் தொழிற்சாலையும் ஒன்றையொன்று உரசி நிற்கும் புக்கிட் பெலண்டோக் போன்ற இடத்தில் எடுப்பதே இன்றைய தேவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் பெலண்டோக்கின் பெயருக்குச் சருகுமான் குன்று என்பது பொருள். உலகம் இப்பெயரைக் கேள்விப்பட்டது 1999ஆம் ஆண்டில். முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ அருகே தொடங்கி, பன்றிகளோடு தெற்கே இறங்கிய மூளைக்காய்ச்சல், சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும் சுங்கை நீப்பாவிலும் புக்கிட் பெலண்டோக்கிலும் பரவி, நாடு முழுவதும் 105 உயிர்களைக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு மார்ச் மாதம் கண்டறியப்பட்ட கிருமிக்குச் சுங்கை நீப்பா ஊரின் பெயரே நிலைத்தது. நோயின் வரலாறு வேறு கட்டுரைக்குரியது. இங்கே கவனிக்க வேண்டியது நிலத்தின் மாற்றம் மட்டுமே. காடாக இருந்த நிலம் ரப்பர்ப் பால்மரத் தோட்டமாயிற்று. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. இடையிடையே பன்றிப் பண்ணைகள் எழுந்து, நெருங்கி, ஒரே ஆண்டில் வெறுமையாயின. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் நிலத்துக்குள் நுழைந்த நைட்ரஜனின் அளவும் மாறியது. நிலத்தை விட்டுக் காற்றுக்கு ஏறிய அளவும் மாறியது. பன்றிக் கழிவு தேங்கும் குட்டை அம்மோனியாவை அள்ளி வீசும்; அதே பரப்பில் நிற்கும் இளங்காடு அம்மோனியாவை உறிஞ்சக்கூடும். நிலம் கைமாறியதற்குப் பத்திரம் இருக்கிறது; காற்றில் நேர்ந்த கைமாற்றத்துக்குப் பத்திரம் எழுத யாரும் அமர்த்தப்படவில்லை.

வளிமண்டலத்தில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும், அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டிருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது எட்டாத செல்வம். மின்னல், அவரையினத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள், 1913 முதல் செயற்கை உர ஆலைகள் முதலிய கைகள் அந்தக் கட்டை அவிழ்க்கின்றன. அவிழ்ந்த நைட்ரஜன் அம்மோனியாவாகவும், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு ஆகியவையாகவும், நைட்ரஸ் ஆக்சைடாகவும், நைட்ரிக் அமிலமாகவும், நுண்துகள்களாகவும் உருமாறிக்கொண்டே அலைகிறது. இவற்றில் நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. நைட்ரிக் ஆக்சைடு சில மணி நேரமே வாழ்ந்தாலும் தரைமட்ட ஓசோனுக்கு வித்திடுவது. அம்மோனியா அருகிலுள்ள இலையிலோ ஈரமண்ணிலோ விரைவில் ஒட்டிக்கொள்வது. தமிழ் வேளாண் வழக்கு நைட்ரஜனைத் தழைச்சத்து என்கிறது. இலைக்கு அது செய்யும் உதவியை அழகாகச் சொல்லும் அந்தப் பெயரில், இலையைச் சேராமல் காற்றோடு போகும் பங்குக்கு இடமில்லை.

தோட்டத்துத் தமிழருக்கு இந்தச் சேர்மங்களுள் ஒன்று தலைமுறைகளாக மூக்குக்குப் பழக்கமானது. வெட்டிய பட்டையிலிருந்து வடியும் பால் ஆலைக்குப் போய்ச் சேரும் முன் உறைந்துவிடாமலிருக்க அதில் அம்மோனியாக் கரைசல் சேர்ப்பது ரப்பர்த் தோட்டங்களின் நெடுநாள் நடைமுறை. பிறகு பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றப்படும். பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியின் மேல் குனிந்தவுடன் கண்ணில் நீர் வரவைக்கும் அந்த நெடிதான், கரைசலிலிருந்து காற்றுக்கு நடக்கும் பாய்வு. வெயில் ஏற ஏற நெடி கூடுவதும், மூடி போட்டால் அடங்குவதும், பக்கத்தில் ஈரச்சாக்கு கிடந்தால் அதில் போய் ஒட்டிக்கொள்வதும் அங்கு வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். வெப்பநிலை, மூடிய பரப்பு, ஈரமான ஒட்டுப்பரப்பு என்று ஆய்வுத்தாள்கள் பட்டியலிடும் காரணிகள் இவையேதான். அந்தக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி பாலின் எடையை எழுதினார், காய்ந்த ரப்பரின் விழுக்காட்டை எழுதினார், ஆள்கணக்கை எழுதினார்; எழுதாமல் விட்டது நெடி ஒன்றைத்தான்.

காட்டுமண் உரமில்லாமலேயே நைட்ரஜன் வாயுக்களை விடுகிறது. மலேசியத் தாழ்நிலக் காடுகள் போன்ற வெப்பமண்டலக் காடுகளில் பாஸ்பரஸ் அருமையாகவும் நைட்ரஜன் ஓரளவு தாராளமாகவும் இருப்பது வழக்கமாதலால், மரங்களுக்குத் தேவைப்படாத மிச்சம் நுண்ணுயிரிகளின் கைக்குப் போகிறது. அவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகிறது. மற்றொரு கூட்டம், மண்துளைகளில் நீர் நிறைந்து உயிர்வளி குறைந்த நேரத்தில், நைட்ரேட்டைப் படிப்படியாகச் சிதைத்து மீண்டும் நைட்ரஜன் வாயுவாக்குகிறது. இந்த இரு வேலைகளையும் ஒரு குழாயாகவும், வழியில் கசியும் நைட்ரிக் ஆக்சைடையும் நைட்ரஸ் ஆக்சைடையும் குழாயில் விழுந்த ஓட்டைகளாகவும் 1989இல் ஆய்வாளர்கள் ஃபயர்ஸ்டோனும் டேவிட்சனும் உருவகித்தனர். குழாயில் ஓடும் அளவை நைட்ரஜனின் இருப்பு தீர்மானிக்க, எந்த ஓட்டை பெரிது என்பதை மண்ணின் ஈரம் தீர்மானிக்கிறது. மண்துளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு வரை நீர் நிரம்பும்போது நைட்ரிக் ஆக்சைடு முந்துகிறது. அதைத் தாண்டினால் நைட்ரஸ் ஆக்சைடு முந்துகிறது. மண் முழுதும் நனைந்து ஊறினால் பெரும்பகுதி தீங்கற்ற நைட்ரஜனாகவே வெளியேறிவிடுகிறது. ஒரே நிரையில் மேட்டிலும் பள்ளத்திலும் நிற்கும் இரண்டு செம்பனைகளின் அடியில், ஒரே நாளில் ஒரே உரம் விழுந்தும், வெவ்வேறு வாயுக்கள் எழுவதற்கு இதுவே காரணம்.

இதை அளக்கும் மிகப் பழைய முறை மிக எளியது. நெகிழிக் குழாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிய வளையம் மண்ணில் சில விரற்கடை ஆழத்துக்கு அழுத்தப்படுகிறது. வேர்கள் அறுந்த அதிர்ச்சி அடங்குவதற்காகச் சில நாட்கள், முடிந்தால் சில வாரங்கள், அது அப்படியே விடப்படுகிறது. அளக்கும் நாளில் வளையத்தின் மேல் காற்றுப்புகாத மூடி இறங்குகிறது. மூடியில் ஒரு ரப்பர் அடைப்பு. அதன் வழியே ஊசி செலுத்தி, மூடிய உடனேயும், பிறகு பத்து நிமிட இடைவெளிகளிலுமாக அரை மணி நேரத்தில் நான்கு முறை காற்று உறிஞ்சப்பட்டுக் கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்படுகிறது. வெளிக்காற்றில் நூறு கோடிப் பங்குக்குச் சுமார் 337 பங்கு இருக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, மூடிக்குள் மெல்ல ஏறும். அரை மணியில் சில பத்துப் பங்குகள் ஏறினால் அது சாதாரணக் காட்டுமண். சில நூறு ஏறினால் அண்மையில் உரம் விழுந்து மழையும் பெய்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் இந்தச் சிறு ஏற்றத்தைப் பிரித்தறியும் எலக்ட்ரான் பிடிப்பு உணரி 1950களில் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கியது. முறை எளியதே தவிர, முடிவு எளியதன்று. வளையம் பிடிப்பது ஒரு தாம்பாளத்தளவு மண். இரண்டடி தள்ளி ஒரு கறையான் வழியோ அழுகிய மட்டையோ இருந்தால் எண் பத்து மடங்கு மாறிவிடும். வளையத்தில் கால் படாமலிருக்க நடைப்பலகை போடாத ஆய்வுகளில், ஆய்வாளரின் மிதியே மண்ணை இறுக்கி அளவைக் கெடுத்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது முறைக்குக் கோபுரம் வேண்டும். கோலாலம்பூரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், நெகிரி செம்பிலானின் ஜெலுபு பகுதியில் உள்ள பாசோ காட்டு ஒதுக்ககத்தில் அப்படிப்பட்ட கோபுரம் நிற்கிறது. 1970களின் தொடக்கத்தில் அனைத்துலக உயிரியல் திட்டத்தின்கீழ் ஆய்வுக்குத் திறக்கப்பட்ட அக்காட்டில், 1980களின் நடுப்பகுதியில் 50 ஹெக்டேர் அளவிட்டு, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டபோது 800க்கும் மேற்பட்ட இனங்கள் கணக்கில் வந்தன. கெப்போங்கிலுள்ள மலேசியக் காட்டு ஆய்வுக் கழகமும் ஜப்பானிய ஆய்வு நிறுவனங்களும் 1990களிலிருந்து அங்கே கூட்டாகப் பணியாற்றுகின்றன. 52 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலுள்ள ஒலியலைக் காற்றுமானி, மேலெழும் காற்றையும் கீழிறங்கும் காற்றையும் நொடிக்குப் பத்து முறை பிரித்தறியும். பக்கத்திலுள்ள வாயு உணரி அதே நொடிப்பகுதியில் அந்தக் காற்றில் எவ்வளவு வாயு இருந்தது என்று குறிக்கும். மேலெழும் சுழிப்புகளில் வாயு மிகுந்தும் கீழிறங்கும் சுழிப்புகளில் குறைந்தும் இருந்தால் காடு கொடுக்கிறது; எதிர்மாறாக இருந்தால் காடு வாங்குகிறது. அரைமணி நேரத்தில் சேரும் 18,000 இணைகளைப் பெருக்கிச் சராசரி எடுத்தால் கிடைப்பது, கோபுரத்தின் காற்றுமுகத்தில் உள்ள பல ஹெக்டேர் நிலத்தின் பாய்வு. ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பேங்க் 1951இல் வகுத்த இந்த முறையைச் சுழிப்பு இணைமாறுபாட்டு முறை என்பர்.

பாசோவின் கோபுரம் பெரிதும் கார்பனுக்கும் நீராவிக்கும் வெப்பத்துக்கும் உழைத்தது. நைட்ரஸ் ஆக்சைடு அங்கே மண்ணில், வளையமும் மூடியும் சேர்ந்த மூடுகலன்களால் அளக்கப்பட்டது. மண்ணின் ஈரம் இடத்துக்கு இடம் மாறும்போது பாய்வும் மாறுவதும், மரம் வெட்டிய பிறகு பாய்வு உயர்வதும் அந்த ஆய்வுகளில் தெரியவந்தன. கோபுரத்தில் கார்பன், தரையில் நைட்ரஜன் என்ற இந்தப் பிரிவினை யாரோ அலட்சியத்தால் செய்ததன்று. நொடிக்குப் பத்து முறை கார்பன் டைஆக்சைடை அளக்கும் கருவி பல பத்தாண்டுகளாகக் கடையில் கிடைக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடை அந்த வேகத்தில் களத்தில் தொடர்ந்து எளிதாக அளக்க, 1994இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் அடுக்கு லேசர் முதிர்ந்து களத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மோனியா இன்னும் பிடிவாதமானது. உறிஞ்சுகுழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நிமிடங்கள் கழித்து அவிழ்ந்து வரும் மூலக்கூற்றை நொடிப்பகுதிக் கணக்கில் சேர்ப்பது எப்படி? பால் கொட்டகையின் ஈரச்சாக்கு இங்கே கருவிக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் உயர்ந்தே இருக்கும் நெகிரி செம்பிலானில் குழாயைச் சூடாக்கினாலும் இந்தத் தொல்லை முழுதாகத் தீராது. எனவே பலர் அமிலம் தடவிய குழல்களை வெவ்வேறு உயரங்களில் வைத்து, உயரத்துக்கு உயரம் செறிவு எப்படி மாறுகிறது என்பதிலிருந்து பாய்வை உய்த்தறிகிறார்கள். வேறு சிலர், மேலெழும் காற்றை ஒரு கலனிலும் கீழிறங்கும் காற்றை மற்றொரு கலனிலும் சேர்த்து, இரண்டின் வேறுபாட்டை நிதானமாக அளக்கிறார்கள்.

கருவிக்கு அப்பால், மரத்தின் நடத்தையே ஒருவழிப் பாதையாக இல்லை. இலைக்குள்ளும் அம்மோனியம் இருக்கிறது; இலைத்துளைக்குள் நிற்கும் அம்மோனியாவைவிட வெளிக்காற்றில் அதிகம் இருந்தால் இலை உள்ளே இழுக்கும், குறைவாக இருந்தால் வெளியே விடும். கொடுப்பதும் வாங்குவதும் சரிநிகராகும் அந்தச் செறிவைச் சமன்புள்ளி என்று ஆஸ்திரேலியாவின் ஃபார்க்குவாரும் உடனிருந்தோரும் 1980இல் அளந்து காட்டினர். ஒரே இலை காலையில் வாங்கி, வெப்பம் ஏறிய நண்பகலில் கொடுக்கலாம். நைட்ரிக் ஆக்சைடின் கதை இன்னும் சிக்கலானது. மண்ணிலிருந்து எழுந்த அது மரக்கவிகையைத் தாண்டுமுன் ஓசோனைச் சந்தித்து நைட்ரஜன் டைஆக்சைடாகிவிட, அதில் ஒரு பங்கை இலைகளே உறிஞ்சிக்கொள்கின்றன. தரையில் மூடுகலன் ஓர் எண்ணைச் சொல்ல, மேலே கோபுரம் அதில் பாதியையோ காலையோ சொன்னால் இரண்டில் ஒன்று தவறு என்று பொருளன்று. நடுவில் இருந்த காடு மிச்சத்தை வைத்துக்கொண்டது என்று பொருள். அமேசானில் மனாவுஸ் அருகே 1980களில் நடந்த அளவீடுகள் இதைத் தெளிவாக்கின. காட்டை வெட்டி எடுத்த இடத்தில் மண் அதே அளவு வாயுவை விட்டாலும், பிடித்துவைக்க மேலே யாருமில்லை.

மலேசிய மண்ணில் இந்த ஒப்பீட்டை முழு அளவில் செய்து பார்த்தது 2008ஆம் ஆண்டில், சபாவில். பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் ஹெவிட் தலைமையில் வந்த பெரிய குழு, டானும் பள்ளத்தாக்கின் மழைக்காட்டிலும் லாஹாட் டத்து வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றிலும் ஒரே ஆண்டில் கருவிகளை நிறுத்தியது. மேலே ஆய்வு விமானம் பறந்தது. செம்பனை நிலம் காட்டைவிட மிகுதியான நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுவதும், ஐசோப்ரீன் எனும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மத்தைப் பல மடங்கு அதிகமாக வெளியிடுவதும் பதிவாயின. நைட்ரஜன் ஆக்சைடும் ஐசோப்ரீனும் வெயிலில் கூடினால் ஓசோன் பிறக்கும். ஆயினும், அப்போது காட்டின் மேலும் தோட்டத்தின் மேலும் ஓசோனின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சுற்றுவட்டாரக் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகள் மொத்தத்தில் மிகக் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். 2009இல் வெளியான அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தது: அமெரிக்க, ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் உள்ள அளவுக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் உயர்ந்தாலே போதும், செம்பனை நிலத்தின் மேல் ஓசோன் நூறு கோடியில் 100 பங்கைத் தொடும், அது மனித நுரையீரலுக்கும் பயிருக்கும் தீங்கான அளவு.

போர்னியோவின் ஒதுங்கிய மூலையில் அது ஒரு கணினிக் கற்பனை. புக்கிட் பெலண்டோக்கில் கற்பனைக்கு வேலை குறைவு. கடற்கரையோரம் போர்ட்டிக்சனில் எரிவாயு மின்நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன. வடக்கே சிப்பாங்கில் 1998 முதல் பன்னாட்டு விமான நிலையம் இயங்குகிறது. கிழக்கே சிரம்பானை ஒட்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஓடுகிறது. புகைமூட்ட ஆண்டுகளில் மலாக்கா நீரிணையைக் கடந்து சுமாத்திராவின் தீயும் தன் பங்கை அனுப்புகிறது. இவற்றின் நடுவே ஐசோப்ரீனை மூச்சாக விடும் செம்பனை நிரைநிரையாக நிற்கிறது. ஹெவிட் குழு ‘உயர்ந்தால்’ என்று சொன்ன நிலை உண்மையில் எங்கே நடக்கக்கூடும் என்று வரைபடத்தில் விரல் வைக்கச் சொன்னால், விரல் இந்தப் பகுதியில்தான் விழும். காட்டின் நடுவில் எடுத்த தூய கணக்கு அடிக்கோட்டைத் தரும், அதன் மதிப்பு குறையாது. ஆனால் மக்கள் மூச்சுவிடும் கலப்படக் காற்றின் கணக்கை அடிக்கோட்டிலிருந்து ஊகிக்க முடியாது.

அளக்காத இடத்தை இப்போது நிரப்பிக்கொண்டிருப்பது ஒரு பெருக்கல் வாய்பாடு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2006இல் தந்த வழிகாட்டியின்படி, நிலத்தில் இட்ட நைட்ரஜனில் 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுவதாகக் கொள்ளலாம். 2019இல் அது திருத்தப்பட்டு, ஈரமான தட்பவெப்பத்தில் செயற்கை உரத்துக்கு 1.6 விழுக்காடு என்றும் வறண்ட இடத்தில் 0.5 விழுக்காடு என்றும் பிரிக்கப்பட்டது. முதிர்ந்த செம்பனை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 150 கிலோ நைட்ரஜன் பெறுகிறது என்று வைத்துக்கொண்டால், பழைய எண்ணின்படி அந்த ஹெக்டேரின் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 640 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். புதிய எண்ணின்படி ஆயிரம் கிலோவுக்கு மேல். தோட்டத்தில் ஒரு மட்டைகூட அசையவில்லை. உரத்தின் ஒரு குருணைகூடக் கூடவில்லை. வாய்பாட்டின் ஓர் எண் மாறியதில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 385 கிலோ முளைத்துவிட்டது. நாட்டில் செம்பனை நிற்கும் 56 லட்சம் ஹெக்டேருக்கும் இதே உர அளவைப் பொருத்தினால் வேறுபாடு 20 லட்சம் டன்னைத் தாண்டும். செம்பனை எண்ணெய்க்கான நிலைத்தன்மைச் சான்றிதழ்க் கணக்குகளும் இத்தகைய காரணிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பெருக்கல் வாய்பாடு நேர்மையற்றது என்பதன்று குற்றச்சாட்டு. உலகச் சராசரிக்காக எழுதிய எண்ணை ஒரு தோட்டத்தின் குணமாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. சபாவில் பின்னாளில் நடந்த மூடுகலன் ஆய்வுகளில் ஒரே தோட்டத்துக்குள்ளேயே அளவுகள் பெருமளவு ஏறி இறங்கியிருக்கின்றன.

அம்மோனியாவுக்கும் ஒரு வாய்பாடு உண்டு: யூரியாவாக இட்டால் 15 விழுக்காடு நைட்ரஜன் ஆவியாகப் போகும், அம்மோனிய உரமாக இட்டால் 8 விழுக்காடு. யூரியாக் குருணை மண்ணின் மேல் கரையும்போது யூரியேஸ் எனும் நொதி அதைச் சிதைத்து, குருணையைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி, அம்மோனியாவை வெளியே தள்ளுகிறது. நல்ல மழை உடனே பெய்தால் அது மண்ணுக்குள் இறங்கிப் பிழைக்கிறது. தூறலோடு நின்று வெயில் அடித்தால் இழப்பு மிகும். மரத்தடி வட்டத்தில் உரம் போடுகிறவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவதற்கு இந்த வேதியியலே காரணம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கொடுத்த வேலையை அன்றே முடிக்க வேண்டும் என்பதால் தலையாட்டலுக்குப் பிறகும் உரம் விழுகிறது. அந்தத் தலையாட்டலை அளவீட்டுத் தரவோடு இணைத்துப் பார்க்கும் நாளில், உரம் போடும் நாளை மழை முன்னறிவிப்பைப் பார்த்துத் தள்ளிவைப்பதன் விலை என்ன, இலாபம் என்ன என்று ரிங்கிட்டில் சொல்லிவிடலாம். இந்தியா 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதும், இலங்கையில் 2019 அக்டோபரில் கூடிய நாடுகள் கொழும்புப் பிரகடனத்தின் வழி நைட்ரஜன் விரயத்தை 2030க்குள் பாதியாக்க முனைந்ததும் பொதுவாக நைட்ரஜன் கசிவைக் குறிவைத்தவைதாம். பாதியாக்குவதற்கு முதலில் முழுமை எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தப் பிரகடனத்தின் பலவீனமான கால்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. லேசர் கருவியின் விலை ஓர் ஆய்வுத்துறையின் ஆண்டுச் செலவை விழுங்கிவிடும். சுழிப்பு முறை சமநிலத்தையும் ஒரே மாதிரியான மரப்பரப்பையும் எதிர்பார்க்கிறது. குன்றென்றே பெயர் வைத்த ஊரில் காற்று சரிவுகளில் வழுக்கி ஓடும். காற்று அசையாத இரவுகளில் வாயுக்கள் கவிகைக்கு அடியிலேயே தேங்கி, விடிந்தபின் மொத்தமாக மேலேறுவது சமவெளிக் காடான பாசோவிலேயே கவனிக்க வேண்டிய சிக்கல். மழைநீரில் இறங்கும் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் கிழக்காசிய அமிலப்படிவுக் கண்காணிப்பு வலையமைப்பு பெட்டாலிங் ஜெயா, தானா ராத்தா, டானும் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் அளப்பதால் அதுவே போதும் என்ற வாதமும் எழலாம். மழையில் இறங்குவது வரவில் ஒரு பகுதி. உலர்காற்றில் இலைமேல் படிவதும், திரும்ப ஏறுவதும் மழைமானியின் புனலில் விழுவதில்லை. விலையைப் பொறுத்தவரை, லேசர் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டிய கட்டாயமுமில்லை. மூடுகலன் வளையங்களும், மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் அமிலக் குழல்களும் ஒரு பல்கலைக்கழகத் துறையின் கைக்கு எட்டும் செலவில் அடங்குபவை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்து அறிவியல் பட்டம் வரை வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. மேட்டுநிரை எது, தண்ணீர் தேங்கும் பள்ளம் எது என்று அவர்களுக்கு வரைபடம் தேவைப்படாது.

வளையங்களை மூன்று இடங்களில் பதிக்க வேண்டும்: உரம் விழும் மரத்தடி வட்டத்தில், வெட்டிய மட்டைகளை அடுக்கும் நிரையில், ஆள் நடந்து இறுகிய அறுவடைப் பாதையில். மூன்றும் ஒரே மரத்தைச் சுற்றி இருந்தாலும் மூன்று வெவ்வேறு மண்கள் அவை. அமிலக் குழல்களைத் தோட்டத்தின் நடுவிலிருந்து தொடங்கி, எஞ்சியிருக்கும் காட்டுத்துண்டின் ஓரம்வரை வரிசையாக நிறுத்தினால், தோட்டம் விடும் அம்மோனியாவில் எவ்வளவு தொலைவுக்குள் எவ்வளவைக் காட்டோரத்து இலைகள் பிடித்துக்கொள்கின்றன என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். உரமூட்டைகள் நிரைக்கு இறங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மூடிகள் மண்மேல் இறங்கியிருக்க வேண்டும். உரம் படாத மண்ணின் பாய்வு அந்த ஒரு வாரத்தில் பதிவானால்தான், முதல் மழைக்குப் பிறகு எகிறும் எண்ணிலிருந்து கழிப்பதற்கு ஓர் எண் கையில் இருக்கும்.